பிசகிப் பிறந்த காசு

ஒன்றுக்கும் உதவாதவனைச் ‘செல்லாக் காசு’ என்று ஏசுவது நம்மவர் வழக்கு. ஆனால், கடையிற் செல்லாத காசுக்கும் ஒரு காலம் வரும் என்பதைக் காசு சேர்ப்போர் அறிவர். அதிலும் ஒரு விந்தை உண்டு. குற்றமின்றிப் பிறந்த காசைவிட, அக்கசாலையிலேயே பிசகிப் பிறந்த காசைத்தான் அவர்கள் தேடி அலைகின்றனர். இந்த விந்தையை நம்பி ஓர் ஏழைத் தாய் தன் கழுத்துச் சங்கிலியை அடைவு வைக்கப் புறப்பட்ட கதையையும், அதனை முன்னிட்டு நாமும் எம் மாணவர்களும் கற்றுக்கொண்ட பாடத்தையும் இவ்வாரம் வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

எமது வகுப்பிலே முள்ளிக்குளத்துப் பெண்ணொருத்தி படிக்கின்றாள். மன்னார்ப் பட்டினத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் அமைதியான பிள்ளை. ஒருநாள் பாடம் முடிந்து எல்லோரும் சென்ற பின்னர், கைக்குட்டையில் முடிந்த ஒரு பொதியை எம் மேசைமீது வைத்தாள்.

“அம்மம்மாவின்ர காசு, சேர். இதில பிழையாய் அடிச்ச காசு இருக்காம். லட்சக்கணக்கில விலை போகுமாம். உண்மையோ எண்டு பார்த்துச் சொல்லுவீங்களோ?”

யார் சொன்னது என்று வினவினோம். கைத்தொலைபேசியிற் கண்ட விளம்பரமொன்றுக்கு அவளுடைய அண்ணன் காசுகளின் படங்களை அனுப்பினானாம். மறுநாளே ஒருவர் பேசினாராம். நான்கு காசுகள் அருமையான பிழைக்காசுகள் என்றும், அவற்றுக்குப் பல லட்சம் ரூபா தரப்படும் என்றும், ஆனால் முதலிற் பதிவுக் கட்டணமும் வரியுமாக ஒரு தொகையைக் கட்டவேண்டும் என்றும் கூறினாராம். அத்தொகைக்காகத் தாயார் தம் சங்கிலியை வரும் திங்கட்கிழமை அடைவு வைக்கப் போகின்றாராம். அன்று வியாழக்கிழமை.

நாம் வரலாறு கற்பிப்பவரேயன்றி நாணய வல்லுநர் அல்லர். எனினும், வாங்குகிறவன் விற்பவனிடம் முன்பணம் கேட்பது எந்தச் சந்தையிலும் இல்லாத முறை என்பதை அறிய வல்லமை வேண்டியதில்லை. பழைய காசுக்கும் நோட்டுக்கும் விலை தருவதாகக் கூறி, தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணம் பறிப்போரிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு மாதத்தில் வெளிப்படையாக அறிவித்தது. அச் செய்தியை மாணவியிடம் கூறி, “திங்கள் வரை பொறுக்கச் சொல், ஞாயிறன்று நாமே வருகின்றோம்” என்று தாயாருக்குச் சொல்லியனுப்பினோம். காசுகளில் உண்மை ஏதும் உண்டா என்பதைப் பார்த்துவிட்டே போகவேண்டும் என்றும் தீர்மானித்தோம். வெறுமனே ‘ஏமாற்று’ என்று சொன்னால், ஆசை கொண்ட மனம் கேளாது அன்றோ?

காசு பிறக்கும் விதம்

வெள்ளிக்கிழமை மாலை, ஆய்வுகூடத்துத் தராசு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு காந்தம் ஆகியவற்றுடன் மாணவர் சிலர் கூடினர். பிழையை அறியுமுன் செம்மையை அறிதல் வேண்டும். ஆகவே, காசு எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் எடுத்துரைத்தோம்.

உலோகத்தை நீண்ட தகடாக உருட்டி, அதிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டியெடுப்பர். வில்லையின் ஓரத்தைச் சற்றே மேலெழும்பச் செய்வர். பின்னர் அது அழுத்தப் பொறிக்குள் செல்லும். அங்கே கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் ஓர் உருக்கு வளையம். மேலச்சு பேரழுத்தத்துடன் இறங்கும்போது இரு முகங்களும் ஒரே நொடியிற் பதிகின்றன. உலோகம் வெளியே பிதுங்காதபடி வளையம் தடுத்துக் காசுக்கு வட்டமான ஓரத்தைத் தருகின்றது.

ஆகவே, பிழையும் மூன்று வழிகளில் மட்டுமே நுழைய முடியும். வில்லையிற் குறை இருக்கலாம். ஓரம் கடிபட்டது போன்ற வெட்டும், தோலுரிந்த உலோகமும், வேற்று உலோகத்து வில்லை கலந்துவிடுதலும் இவ்வகை. அச்சிற் குறை இருக்கலாம். வெடித்த அச்சு, இரட்டை உருவம் கொண்ட அச்சு, பொருந்தாத இரு அச்சுக்கள் சோடி சேர்தல் என்பன இவ்வகை. அடிக்கும்போது பிசகு நேரலாம். வில்லை விலகிக் கிடத்தலும், ஒரே காசு இருமுறை அடிபடுதலும் இவ்வகை. இம்மூன்றினுள் அடங்காதது எதுவாயினும், அது அக்கசாலைக்கு வெளியே காசு பட்ட அடியே தவிரப் பிறவிப் பிழை ஆகாது.

“இந்தக் குறை பொறிக்குள்ளே நேர்ந்திருக்க முடியுமா?” என்ற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மாணவருக்குச் சொன்னோம். தொடக்கநிலையில் நிற்போருக்கு நூறு நூல்கள் தரும் பயனை இந்த ஒரு கேள்வி தரும்.

உலகப் புகழ் பெற்ற பிழைகள்

பிரித்தானியாவில் 2008-ஆம் ஆண்டு காசுகளின் கோலம் மாற்றப்பட்டது. 20 பென்ஸ் காசில் அதுவரை பின்பக்கத்தில் இருந்த ஆண்டு முன்பக்கத்துக்கு மாறியது. மாற்றத்தின் இடையே பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் தவறிச் சோடி சேர்ந்தன. விளைவு, எந்தப் பக்கத்திலும் ஆண்டே இல்லாத ஒரு காசு பொதுமக்கள் கையிற் புழங்கியது.

அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டின் ஒரு சதக் காசுகள் சிலவற்றில், அச்சிலேயே உருவம் இரட்டித்திருந்தமையால் எழுத்தும் ஆண்டும் இரட்டையாகத் தெரிகின்றன. அங்கே 1943-இல், போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டினால் ஒரு சதம் நாகம் பூசிய உருக்கினால் அடிக்கப்பட்டது. பழைய செப்பு வில்லைகள் சில பொறியில் தங்கிப்போனமையால் அவ்வாண்டுச் செப்புச் சதங்கள் மிகச் சில பிறந்தன. அவற்றுக்கு இன்று பெருவிலை உண்டு என்பதை அறிந்த மோசக்காரர், உருக்குக் காசுக்குச் செம்பு பூசி விற்கின்றனர். ஒரு காந்தத்தை அருகே கொண்டுசென்றால் வேடம் கலைந்துவிடும். விலை உயர்ந்த பிழை எங்கே உண்டோ, அங்கே அதனைப் போலிசெய்யும் கையும் உண்டு.

முள்ளிக்குளத்துப் பொதி

இனி எம் மேசைக்கு வருவோம். பொதியில் 37 காசுகள் இருந்தன. விக்டோரியா மகாராணி காலத்துச் செப்புச் சதம் முதல், இலங்கைக் குடியரசின் காசுகள் வரை கலந்து கிடந்தன. இந்தியாவின் பெயர் பொறித்த வெள்ளி ரூபாவும் ஒன்று இருந்தது. அதனைப் பிழையென எண்ணினான் ஒரு மாணவன். பிழையன்று. இந்திய ரூபாவே இத்தீவின் பணமாக வழங்கிய காலம் ஒன்று உண்டு. அந்த ரூபாவை 100 சதமாக வகுத்து, 1870-ஆம் ஆண்டிட்ட செப்புக் காசுகளுடன்தான் நமது சதக் கணக்குத் தொடங்கியது. முள்ளிக்குளத்துக்கு அயலிலுள்ள மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அரபு நாட்டாரும் தமிழகத்தாருமாகப் பல்லாயிரவர் அக்கரையிற் கூடினர். பின்னாளிற் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ப், இளம் அரச அலுவலராக 1906-இல் அங்கே கடமை புரிந்தார். அத்தகைய கரையில் வாழ்ந்த குடும்பத்தின் பெட்டியிற் பலவகைக் காசு கிடப்பது வியப்பன்று.

தொலைபேசி அன்பர் ‘அருமையான பிழை’ என்று குறித்த நான்கையும் தனியே எடுத்தோம்.

முதலாவது, ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் 1943-ஆம் ஆண்டு ஒரு சதம். 1940-ஆம் ஆண்டுச் சதத்தோடு ஒப்பிட்டால் மெலிந்திருந்தது. எடையும் ஏறத்தாழப் பாதியே. “மெல்லிய வில்லையில் தவறி அடித்தது” என்பது அன்பரின் வாக்கு. உண்மை வேறு. போர்க்காலத்தில் உலோகத்தைச் சிக்கனப்படுத்தவே சதக் காசு மெலிய அடிக்கப்பட்டது. பொதியிலேயே அவ்வாறான மெல்லிய சதங்கள் மேலும் ஐந்து கிடந்தன. எல்லாம் ஒரேவிதமாக இருந்தால் அது பிழையன்று, ஆணை.

இரண்டாவது, மஞ்சள் நிற 50 சதம், 1943. வெள்ளியில் இருக்கவேண்டியது வேறு உலோகத்தில் பிறந்ததாம். அதுவும் ஆணையே. 1942 வரை வெள்ளி கலந்து வந்த 50 சதம், 1943-இல் நிக்கல் சேர்ந்த பித்தளைக்கு மாறியது. 1951-ஆம் ஆண்டின் காசில் ‘இந்தியப் பேரரசர்’ என்னும் பட்டம் காணப்படாமையும் இத்தகையதே. இந்தியா 1947-இல் விடுதலை பெற்றபின் அப் பட்டத்துக்கு இடமேது? காசின் மாற்றங்களுக்குப் பின்னால் நாட்டின் வரலாறு நிற்கிறது. வரலாறு அறியாதவனுக்கு மாற்றமெல்லாம் பிழையாகத் தோன்றும்.

மூன்றாவது, ஒரு பக்கத்தில் அரசரின் முகத்தின்மேல் இன்னொரு காசின் எழுத்துக்கள் குழிவாகவும் தலைகீழாகவும் பதிந்த சதம். பார்ப்பதற்கு மிகப் பெரிய அதிசயம் போலவே இருந்தது. அடித்த காசு ஒன்று அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையிலே தன் முகத்தைக் கண்ணாடி நிழல்போலக் குழிவாகப் பதிப்பது உண்டுதான். ஆனால், அவ்வாறு பிறந்த காசில் ஒரு பக்கம் செம்மையாகவும், மறுபக்கம் அதே உருவம் குழிவாகவும் முழுமையாக விளங்கும். எம் கையிலிருந்த காசிலோ அரசரின் முகம் நசுங்கிக் கிடந்தது, மறுபக்கமும் தட்டையாகியிருந்தது. இரு காசுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து யாரோ சுத்தியலால் அடித்த வேலை அது. சிறுவர் விளையாட்டாகவும் இருக்கலாம்.

நான்காவது, துளையிட்ட விக்டோரியாச் சதம். துளையின் விளிம்பு ஒரு பக்கத்தில் உள்வாங்கியும் மறுபக்கத்தில் பிதுங்கியும் இருந்தது. ஆணி கொண்டு துளைத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நான்கும் பிழைக்காசு அல்ல என்று கண்டபோது மாணவியின் முகம் வாடியது. அவ்வேளையில், மீதியை நிறுத்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், “சேர், இதைப் பாருங்கோ” என்று ஒரு காசை நீட்டினான்.

1945-ஆம் ஆண்டிட்ட மெல்லிய ஒரு சதம். அதன் உருவம் நடுவில் இல்லாது ஒருபுறம் ஒதுங்கியிருந்தது. எதிர்ப்புறத்தில் பிறைநிலா வடிவில் எழுத்தோ கோடோ இல்லாத வெற்றிடம். ஆண்டின் நான்கு இலக்கங்களும் தப்பியிருந்தன. எமது கேள்வியை அதனிடமும் கேட்டோம். வெற்றிடம் இரு பக்கங்களிலும் நேருக்கு நேர் அமைந்திருந்தது. அந்த இடத்தில் அரம் பட்ட தடமோ, நசுங்கலோ இல்லை. வளையத்துக்குள் சரியாக அமராமையால் காசு முழுவட்டமாக இராது சற்றே நீண்டிருந்தது. நிறுத்துப் பார்த்தால், அதே ஆண்டின் மற்றச் சதத்தோடு எடை ஒத்திருந்தது. வெட்டியோ அராவியோ இருந்தால் எடை குறைந்திருக்க வேண்டுமே! வில்லை விலகிக் கிடந்தபோது அச்சு இறங்கியதால் நேர்ந்த பிறவிப் பிழை என்றே கொள்ள வேண்டியிருந்தது. படத்திற் பார்த்த அன்பர், நல்ல காசுகளையெல்லாம் பிழை என்றார். பிழைக்காசை மட்டும் காணாது விட்டார்!

ஆச்சியின் கணக்கு

ஞாயிறன்று சிலாவத்துறை வழியாக மலங்காட்டுக்குச் சென்றோம். முள்ளிக்குளத்து மக்கள் 2007 செப்டெம்பரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். அவர்களது ஊர் கடற்படையின் வசமாயிற்று. 2012-இல் திரும்பி வந்தவர்கள் ஊருக்குள் செல்ல இயலாது, அயலிலுள்ள மலங்காட்டிற் குடிசையமைத்தனர். 2017-இல் மக்கள் நடத்திய தொடர் போராட்டத்தின் பின், ஏப்ரல் மாதத்தில் காணியின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படையினர் இணங்கினர். மாணவியின் குடும்பத்து வீட்டுக்காணி அந்தப் பகுதியினுள் அடங்கவில்லை.

தாயாரிடம் காசுகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினோம். அவர் மறுப்புரை சொல்லவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, “வீட்டுக்குச் சுவர் வைக்கலாம் எண்டு நினைச்சன், சேர்” என்றார். சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

அச்சமயம் ஆச்சி துளையிட்ட சதத்தைக் கையிலெடுத்தார். “இது நான் தவழுற காலத்தில என்ர அரைஞாணில கிடந்தது, தம்பி. ஓடி வரேக்க வீட்டுச் சாமான் ஒண்டும் எடுக்க ஏலேல்லை. இந்தத் தகரப்பெட்டி சீலைக்குள்ள வந்திட்டுது” என்றார். பிசகிப் பிறந்த 1945-ஆம் ஆண்டுக் காசைக் காட்டி, இதற்குச் சிறிது விலை உண்டு என்றோம். பின்னர் கொழும்பில் உள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் விசாரித்தபோது, அவர் சொன்ன விலை ஒரு நாட்கூலிக்கு மேலாகவும் லட்சத்துக்கு வெகு தூரத்திலும் இருந்தது. விற்பதா வைத்திருப்பதா என்பதைக் குடும்பத்தாரிடமே விட்டோம். இன்றுவரை விற்கவில்லை.

தொடங்குவோர்க்குச் சில சொற்கள்

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாட்டன் பாட்டியர் விட்டுச்சென்ற காசுகள் இருக்கக்கூடும். அவற்றை எடுத்துப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு, நாம் கற்றவற்றைச் சுருக்கித் தருகின்றோம்.

முதலாவது, துலக்காதீர்கள். புளியும் சாம்பலும் செம்புக் குடத்துக்கு ஏற்றவை. காசைத் தேய்த்தால் அதன் மேற்பரப்பு அழிந்து, மதிப்பும் சான்றும் ஒருங்கே போய்விடும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். முகத்திலே விரல் படவேண்டாம்.

இரண்டாவது, ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். தனிக்காசு ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே ஆண்டின் உடன்பிறப்போடு எடை, அகலம், நிறம், ஓரம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். காந்தமும் துணைசெய்யும். ஆனால், 2005-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக் காசுகள் பல உருக்கின்மேல் பூச்சிட்டவை என்பதால், அவை காந்தத்தில் ஒட்டுவது இயல்பே.

மூன்றாவது, கோடு கண்டால் தடவிப் பாருங்கள். அச்சு வெடித்திருந்தால் உலோகம் அந்த வெடிப்பினுள் ஏறும். ஆகவே காசிலே கோடு மேடாக எழும்பும். கீறல் என்றும் பள்ளமாகவே இருக்கும். மேடு பிறவி, பள்ளம் பின்வந்தது என்று நினைவில் வையுங்கள்.

நான்காவது, கையால் அடித்த பழங்காசுக்குப் பொறிக்காசின் இலக்கணத்தைப் பொருத்தாதீர்கள். யாழ்ப்பாணத்து மன்னர் வெளியிட்ட நந்தி பொறித்த சேதுக் காசுகளிற் பலவற்றில் ‘சேது’ என்னும் சொல் முழுமையாக விழுந்ததில்லை. ஒல்லாந்தர் இத்தீவிலே அடித்த தடித்த செப்புக் காசுகளும் கோணல்மாணலாகவே இருக்கும். வளையமின்றிக் கையால் அடித்த காசுக்கு விலகல் இயல்பு.

ஐந்தாவது, சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2-ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருள்கள். நிலத்தடியில் அத்தகைய காசு கிடைத்தால் அதனை அறிவிக்க வேண்டும், அது அரசுடைமை. அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புதலும் ஆகாது. மாதோட்டத்தை அடுத்த எம் மன்னார் மக்களுக்கு இது மிக வேண்டிய அறிவு.

இறுதியாக, பிறவிப் பிழை உள்ள காசெல்லாம் செல்வம் அல்ல. சிறு வெடிப்புக்கும் மங்கிய எழுத்துக்கும் விலை சொற்பமே. பிழை கண்ணுக்குத் தெளிவாகவும், ஆண்டு அழியாமலும் இருந்தால் மட்டுமே விரும்புவோர் கூடுவர். யாராயினும் முன்பணம் கேட்டால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள்.

எம் மாணவி இப்பொழுது ஒரு பயிற்சிக் கொப்பியில் அந்த 37 காசுகளையும் வரிசைப்படுத்தி வருகின்றாள். ஆண்டு, எடை, உலோகம் என்னும் நிரல்களுக்கு அப்பால் ‘யாருடையது’ என்று ஒரு நிரலையும் அவளே சேர்த்துக்கொண்டாள். ஞாயிறு தோறும் ஆச்சியைக் கேட்டுக் கேட்டு அதை நிரப்புகின்றாளாம். சுத்தியலால் அடிபட்ட சதத்துக்கு எதிரே, “பெரிய மாமா, பத்து வயதில், கோயில் வளவில்” என்று எழுதியிருப்பதைக் கண்டோம். அந்த வளவிலிருந்து சிறிது தொலைவிலேதான், அவர்கள் இன்னும் திரும்பிச் செல்லாத அந்த வீட்டுக்காணி கிடக்கின்றது.